ஃபியாக்டோனா, ஸ்டெபான்ட்ஸ்மிண்டாவா? ஒசேத்திய மலையூரில் தங்க எந்தப் பக்கம் போகலாம்

காக்கசஸ் மலைமக்களான ஒசேத்தியர்களின் மலையூர் ஒன்றில் தங்கி, அவர்கள் அடுப்பில் வெந்ததைச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று கிளம்புகிறவருக்கு முன்னால் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. காக்கசஸ் மலைத்தொடரின் வடக்கே, ரஷ்யாவின் வடக்கு ஒசேத்தியா குடியரசில் வெர்க்னி ஃபியாக்டோன். தெற்கே, ஜார்ஜியாவில் ஸ்டெபான்ட்ஸ்மிண்டா. கஸ்பேகி என்ற பழைய பெயரைத்தான் இன்னும் பலர் சொல்கிறார்கள். நடுவே ஐயாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கஸ்பெக் சிகரம். இரண்டு பக்கமும் போயிருக்கிறேன்; தங்குவதற்கு நான் தேர்ந்தெடுத்தது ஃபியாக்டோன். ஆகவே இதை நடுவர் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எளிதில் முடிகிற விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். போய்ச் சேரும் வசதியில் ஜார்ஜியா கேள்விக்கிடமின்றி முன்னால் நிற்கிறது. டிபிலிசியிலிருந்து ஜார்ஜிய ராணுவ நெடுஞ்சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். வழியெல்லாம் வேன்கள் ஓடுகின்றன, நம் வங்கி அட்டை வேலை செய்கிறது, ஆங்கிலம் ஓரளவு செல்லுபடியாகிறது. ரஷ்யப் பக்கமும் 2023 ஆகஸ்ட் முதல் இந்தியர்களுக்கு இ-விசா வந்துவிட்டது. ஆனால் 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு வங்கிகள் தந்த விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே வெறும் பிளாஸ்டிக். முழுச் செலவையும் ரொக்கமாகக் கொண்டுபோய் ரூபிளாக மாற்ற வேண்டும். மலையூரில் ரஷ்ய மொழி தெரியாமல் காலம் தள்ளுவது கடினம். போர்க்கால ட்ரோன் எச்சரிக்கைகளால் தென்ரஷ்ய விமான நிலையங்கள் அவ்வப்போது சில மணி நேரம் மூடப்படுகின்றன. பயணத் திட்டத்தில் ஒரு நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

காட்சியிலும் ஸ்டெபான்ட்ஸ்மிண்டா சளைத்ததல்ல. ஊருக்கு மேலே, 2,170 மீட்டர் உயரத்தில், 14ஆம் நூற்றாண்டு கெர்கெட்டி தேவாலயம். அதற்குப் பின்னால் பனி மூடிய கஸ்பெக். சுற்றுலா அட்டைகளில் நீங்கள் பார்த்த ஜார்ஜியா பெரும்பாலும் இதுதான்.

இவ்வளவு இருந்தும் நான் வடக்கே போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: அந்த ஊரில் இன்றும் ஒசேத்தியர்கள் குடியிருக்கிறார்களா என்பது. கேட்டால் அற்பமாகத் தோன்றும். ஆனால் சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்து என்று மற்ற எல்லாம் இதைப் பொறுத்தே அமைகின்றன.

ஸ்டெபான்ட்ஸ்மிண்டா ஜார்ஜியர்களின் ஊர். அங்கே ஒசேத்தியத்தைத் தேடுகிறவர் கோபி வழியாக ட்ரூசோ பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். அருமையான நடைப்பாதை. தாதுநீர் ஊற்றுகள் பாறைமேல் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் படிந்து கிடக்கின்றன. அபானோவில் ஒரு சிறு ஏரி ஓயாமல் குமிழியிடுகிறது. கடைசியில் ஜகாகோரி கோட்டை. வழி நெடுக ஒசேத்தியர்களின் கல்வீடுகளும் கோபுரங்களும். கூரைகள் இல்லை, ஆட்களும் இல்லை. சோவியத் காலத்தில் தொடங்கிய வெளியேற்றம் 1990களின் தொடக்கத்தில் நடந்த ஜார்ஜிய-ஒசேத்திய மோதலோடு முடிந்துவிட்டது. கோட்டைக்கு அப்பால், ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து ரஷ்ய ஆதரவில் இருக்கும் தெற்கு ஒசேத்தியாவை ஒட்டிய பகுதி என்பதால் எல்லைக் காவலர்கள் விடமாட்டார்கள். பார்க்க வேண்டிய இடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சாப்பாடு போட அங்கே யாரும் கிடையாது. மாலையில் ஸ்டெபான்ட்ஸ்மிண்டாவுக்குத் திரும்பினால் உணவக அட்டையில் கின்காலி, கச்சாபுரிகளுக்கு இடையே ‘கபிஸ்கினா’ என்று ஒரு வரி இருக்கும். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த ஒசேத்திய அடைதான் அது. நன்றாகவே செய்கிறார்கள். என்றாலும் ஜார்ஜியச் சாப்பாட்டில் ஓர் உருப்படியாகத்தான் அது வருகிறது.

வெர்க்னி ஃபியாக்டோன் முதல் பார்வைக்கு ஏமாற்றம் தரும் ஊர். சோவியத் காலத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய அடுக்குக் குடியிருப்புகள், பெயர்ந்த பூச்சு, வாசலில் கார் கழுவும் இளைஞர்கள். அட்டைப்படத்துக்கு ஆகாது. ஆனால் இங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, மளிகைக்கடை இருக்கிறது, மாடுகள் நடுச்சாலையில் நிற்கின்றன. தலைநகர் விளாதிகாவ்காஸிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். ஊர்க்காரர்கள் போய்வருவதால் மார்ஷ்ருத்கா வேன் சுற்றுலாப் பருவத்தை எதிர்பார்க்காமல் நாளுக்குச் சில முறையாவது ஓடுகிறது. விருந்தினர் இல்லத்துக்காரர்களும் இங்கேயே வீடும் மாடும் வைத்திருப்பவர்கள். தட்டில் வரும் பாலாடைக்கட்டி பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பால்.

அடை சுடுவதை அருகில் நின்று பார்க்க அனுமதி கேட்டேன். வீட்டுக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே ஒதுங்கி இடம் விட்டார். மாவு நம் கையில் ஒட்டுகிற அளவுக்குத் தளர்வு. உப்புநீரில் ஊறிய பாலாடைக்கட்டியைக் கையாலேயே உதிர்த்து, மாவுருண்டையைவிடப் பெரிய உருண்டையாகப் பிடிக்கிறார். போளிக்குப் பூரணம் வைப்பதுபோல மாவால் மூடி, உள்ளங்கையால் தட்டித் தட்டி ஒரு பெரிய வட்டமாக்குகிறார். மேலே நடுவில் விரலால் ஒரு துளை; ஆவி போக வழி இல்லாவிட்டால் உப்பி வெடித்துவிடும். அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு வெண்ணெயை மேலெல்லாம் தேய்க்கிறார். மேல்தோல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு கைத்திறன் என்று பேர். ஆறினால் மாவு இறுகிவிடுகிறது. விளாதிகாவ்காஸ் அடைக்கடையில் வாங்கி, அறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டதற்கும் இதற்கும் இருந்த வித்தியாசம் அதுதான்.

பாலாடைக்கட்டி வைத்தது உவாலிபாக். உருளைக்கிழங்கு சேர்ந்தால் கார்டோஃப்ஜின், பீட்ரூட் கீரை சேர்ந்தால் சாகாராஜின், பூசணி என்றால் நாஸ்ஜின். மாட்டிறைச்சி வைத்தது ஃபிட்ஜின். அது வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சைவர்கள் இந்த நாட்டில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பாலாடைக்கட்டியை உறையவைக்கக் கன்றின் இரைப்பைச் சாறு சேர்ப்பதுண்டு என்பதை மட்டும் கண்டிப்பானவர்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ள சாக்டோன்: ஊறவைத்த மிளகாய் இலையைப் பொடியாக நறுக்கி, புளித்த பாலேட்டில் கலந்தது. எனக்கு அடையைவிட இதன்மேல்தான் ஆசை விழுந்தது. நம் நாக்குக்கு அங்கே கிடைக்கும் ஒரே காரம் என்றுகூடச் சொல்லலாம்.

எத்தனை அடை என்பதில் கவனம் தேவை. விருந்துக்கு மூன்று, துக்க வீட்டில் இரண்டு. ‘நாங்கள் இருவர், இரண்டு போதும்’ என்று யாரும் அங்கே சொல்லிவிடாதீர்கள். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொண்டுவருகிறார்கள். மூன்றும் இருப்பது கடவுள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மேசையின் மூத்தவர் மேலுள்ளவற்றைச் சற்றே நகர்த்தி வைக்கிறார். எழுந்து நின்று முதலில் பெரிய கடவுளையும், அடுத்து வழிப்போக்கர்களின் காவலரான உவாஸ்திர்ஜியையும் அழைக்கிறார். பிறகு கோப்பையும் முதல் துண்டும் அங்கே உள்ளவர்களில் இளையவரிடம் போகின்றன. அவர் சுவைத்த பின்தான் மற்றவர்கள் கை வைக்கலாம். பெண்கள் உவாஸ்திர்ஜியின் பெயரைச் சொல்வதில்லை. ‘ஆண்களின் தெய்வம்’ என்றே குறிப்பிடுகிறார்கள். முறையான விருந்தில் ஆண்கள் மேசை வேறு, பெண்கள் மேசை வேறு. என்னோடு வந்த தோழிக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

சுற்றிப் பார்க்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. சிவ்கிஸில் செங்குத்துப் பாறையின் குகைகளுக்குச் சுவர் எழுப்பிக் கோட்டையாக்கியிருக்கிறார்கள். கீழ்நிலைக்கு ஏறிப் பார்க்கலாம். ட்ஸ்மிட்டி மேட்டில் பாதி விழுந்த கோபுரங்கள். குடும்பப் பகை கொலைவரை போன காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டியவை. மலைச்சாலையில் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போனால் தார்காவ்ஸ். கூம்புக் கூரை போட்ட கல்லறை வீடுகள் நூற்றுக்குச் சற்றுக் குறைவாக, ஒரு சரிவு முழுக்க.

வடக்கு ஒசேத்தியாவுக்குள்ளேயே ட்ஸேய் எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. பனிமலை அழகுக்கும் ரேகோம் மரக்கோயிலுக்கும் அது ஃபியாக்டோனைவிட மேல் (கோயிலுக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை). ஆனால் ட்ஸேய் ஓர் உல்லாச வளாகம், ஊர் இல்லை. பனிச்சறுக்குக் காலமும் கோடையும் தவிர மற்ற நாட்களில் விடுதிகளில் பாதிக்குப் பூட்டுத் தொங்கும். ஊரில் ஆட்கள் குடியிருந்தால்தான் மற்றதெல்லாம் அமையும் என்று மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். விளாதிகாவ்காஸிலேயே தங்கிப் பகலில் மலைக்குப் போய்வருவது மலிவு, வசதி. தேரெக் நதிக்கரை நடைக்கும் நல்ல ஊர். மாலைச் சாப்பாட்டு மேசை மட்டும் கைநழுவிப் போகும்.

குளிர்காலத்தில் ஃபியாக்டோன் எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் பார்த்தது பச்சைப் புல் இருந்த மாதங்களை. உவாஸ்திர்ஜிக்கு எடுக்கும் நவம்பர் திருவிழாவுக்கும் நான் இருந்ததில்லை. அந்த வாரத்தில் விருந்தினருக்கு மேசையில் இடம் தாராளம் என்று வீட்டுக்காரர்கள் சொன்னதை அப்படியே தருகிறேன், அவ்வளவுதான். ஜார்ஜியப் பக்கம் குளிர்காலத்தில் சுமார் 2,400 மீட்டர் உயர ஜ்வாரி கணவாயைப் பனி அடைத்தால் சாலையை மூடிவிடுவார்கள் என்பது மட்டும் உறுதி.

விடுமுறை ஒரு வாரத்துக்குள் என்றாலோ, குழந்தைகளும் முதியவர்களும் உடன் வந்தாலோ, ரொக்கக் கட்டோடு அலைய மனமில்லாவிட்டாலோ ஸ்டெபான்ட்ஸ்மிண்டாவுக்கே போங்கள். ட்ரூசோவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். வடக்கே போகிறவர்கள் இரண்டு காகித விஷயங்களைக் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். பள்ளத்தாக்குகளின் தென்கோடிகள் எல்லை மண்டலத்துக்குள் வருகின்றன. வெளிநாட்டவருக்கு அங்கே தனி அனுமதிச் சீட்டு வேண்டும், அது கைக்கு வரப் பல வாரங்கள் ஆகலாம். எந்தெந்த இடம் மண்டலத்துக்குள் என்று தங்கும் வீட்டாரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, ரோகி சுரங்கப்பாதை வழியாகத் தெற்கு ஒசேத்தியாவையும் எட்டிப் பார்க்கலாம் என்று விளாதிகாவ்காஸில் யாராவது ஆசை காட்டுவார்கள். ரஷ்யப் பக்கத்திலிருந்து அங்கே நுழைவது ஜார்ஜியச் சட்டப்படி குற்றம். பின்னால் டிபிலிசியில் இறங்கும் எண்ணம் இருந்தால் அந்த வண்டியில் ஏறாதீர்கள்.