010 என்றால் பத்தா, எட்டா?

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் கேமரா மாட்டினோம். பன்னிரண்டு கேமரா, நெட்வொர்க்கில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐபி முகவரி: 192.168.1.2 முதல் 192.168.1.13 வரை. கூட வேலை பார்க்கும் பையன் அந்தப் பட்டியலை அழகாக இருக்கட்டும் என்று 192.168.1.002, 003, 010 என மூன்று இலக்கமாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை, எக்செலில் சும்மா எழுதினால் 10, 11, 12, 13 எல்லாம் 2-க்கு முன்னால் போய் நிற்கும், சைபர் போட்டால் வரிசை ஒழுங்காக வரும்.

ஒருநாள் பத்தாம் முகவரிக் கேமரா படம் காட்டவில்லை. பையன் பட்டியலில் இருந்தபடியே 192.168.1.010-க்கு பிங் அடித்தான் (அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை). "அண்ணே, பதில் வருதுண்ணே, கேமரா நல்லாத்தான் இருக்கு." அரை நாள் என்விஆரை, அதாவது கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியை, குடைந்தோம், மில் அண்ணாச்சி ரெண்டு தடவை வந்து முறைத்துவிட்டுப் போனார். அப்புறம்தான் திரையை ஒழுங்காகப் படித்தேன்: பதில் தந்தது 192.168.1.8. பத்தாம் கேமராவின் கேபிளை எலி கடித்திருந்தது.

முன்னால் சைபர் இருந்தால் அது எட்டடி எண் (பத்துப் பத்தாக இல்லாமல் எட்டு எட்டாக எண்ணுவது, ஆக்டல்) என்பது சி என்ற நிரல் மொழியின் பழக்கம், பிஎஸ்டி யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளம் வழியாக முகவரி படிக்கும் நிரல்களுக்கும் வந்துவிட்டது. மில்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னால், எட்டு நாழி ஒரு குறுணி. 010 என்றால் ஒரு குறுணி, மிச்சம் இல்லை, அதாவது எட்டு. 012 ஒரு குறுணி ரெண்டு நாழி, அதுதான் பத்து. 008 என்று எழுதவே முடியாது, எட்டாவது நாழி குறுணியாகிவிட்டதே! அதனால் பிங் அதை ஏதோ பெயர் என்று நினைத்துத் தேடிப்போய், அப்படியொருவர் இல்லை என்று திரும்பி வரும்.

எல்லா மென்பொருளும் இப்படிப் படித்தாலாவது பழகிக்கொள்ளலாம். சில 010-ஐப் பத்து என்கின்றன, சில ஏற்பதே இல்லை. பைத்தான் மொழியில் முகவரி படிக்கும் நூலகம் கொஞ்ச காலம் பத்து என்று எடுத்துக்கொண்டிருந்தது, 2021-இல் வந்த 3.9.5 பதிப்பிலிருந்து மறுத்துவிடுகிறது. சும்மா இல்லை: 0177.0.0.1 என்று ஒருவன் கொடுத்தால், காவலுக்கு நிற்கும் நிரல் 177 என்று படித்து வெளியாள்தான் என விட்டுவிடும், உள்ளே இருக்கும் நிரலோ 127.0.0.1, அதாவது இதே கணினி, என்று படித்துத் தன் வீட்டுக் கதவையே திறந்துவிடும்.

முகவரியை எழுத இன்னொரு வழி, முழுசாக ஒரே எண். இந்த நாலு எண் முகவரி (ஐபிவி4 என்பார்கள்) என்பது அடியில் 32 பிட் எண்தானே, 192.168.1.10-க்கு 3232235786. பிங் இதையும் ஏற்கும். வரிசைக்கு இதைவிடச் சுத்தமானது இல்லை, டேட்டாபேஸில் நான் இப்படித்தான் வைக்கிறேன். ஆனால் போனில் ஒருவருக்கு வாசித்துக் காட்டிப் பாருங்கள், தெரியும். 192.168.266 என்ற சுருக்கமும் அதே கேமராவுக்குத்தான் போகும் (கடைசி 1.10-ஐ ஒரே எண்ணாக்கினால் 256-உம் 10-உம் சேர்ந்து 266), அதை வித்தை காட்டத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த தலைமுறை முகவரியான ஐபிவி6-இல் இந்தச் சைபர் வம்பு கிடையாது. அங்கே எல்லாமே பதினாறடி எண் (பதினாறு பதினாறாக எண்ணுவது, ஹெக்ஸ்), 0010-உம் 10-உம் ஒன்றுதான். தொல்லை வேறு. தொடர்ந்து வரும் சைபர்களை :: என்று சுருக்கலாம்: 0:0:0:0:0:0:0:1, ::1 ரெண்டும் ஒரே முகவரி, எழுத்தாக ஒப்பிட்டால் வேறுவேறு. எப்படிச் சுருக்குவது என்று 2010-இல் ஆர்எஃப்சி 5952 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் ஒரு முறை சொன்னது.

மில்லுக்கு நான் வைத்தது சைபர் இல்லாத சாதாரணப் புள்ளி முகவரி, வரிசைக்குக் கடைசி எண் மட்டும் எக்செலில் தனிப் பத்தியாக. பையன் கேமராவின் பெயரை மட்டும் இன்னும் 02, 03 என்றே எழுதுகிறான். பெயர்தானே, விட்டுவிட்டேன்.