மலையக நடைப்பயணக் கையேடு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

முகநூல் விளம்பரங்களில் ஒரு புத்தகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பச்சை அட்டை, ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் நீல நிற ரயில், '2026 புதிய பதிப்பு' என்று மஞ்சள் முத்திரை. மலைநாட்டில் முதுகுப்பையோடு நடந்து திரிய விரும்புகிறவர்களுக்கு இதைவிட முழுமையான வழிகாட்டி கிடையாது என்கிறார்கள். விலை 4,800 ரூபாய், கூரியர் கட்டணம் தனி. நான் வாங்கினேன். நீங்கள் வாங்காதீர்கள்.

விற்றவரின் பெயரையும் பக்கத்தின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும். தவிர, இவர்களுக்குப் பெயர் மாற்றுவது சட்டை மாற்றுவது மாதிரி. இப்போதே அதே புத்தகம் சிவனொளிபாதமலைச் சூரியோதயத்தை அட்டையில் போட்டுக்கொண்டு 3,900 ரூபாய்க்கு வேறொரு பக்கத்தில் விற்கப்படுகிறது. ஆகவே புத்தகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறேன். எந்த அட்டையில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து மச்சானும் அவருடைய நண்பர்கள் இருவரும் வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பீக்கோ டிரெயிலில் சில கட்டங்களாவது நடக்க ஆசை. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பாதை அது. 22 கட்டங்கள், 300 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பகுதி பழைய தோட்டத்து வண்டிப்பாதைகள். கலஹா, 1867இல் முதன்முதலாக வணிகத்துக்காகத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர என்று நம் ஆட்கள் வாழும் இடங்கள் வழியாகவே போகிறது. புத்தகத்தின் அட்டையில் '22 கட்டங்களும் அடங்கியது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்பக்கங்களின் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். முன்னட்டையும் பின்னட்டையும் வந்தன. மறுபடியும் கேட்டதற்கு, 'அச்சுத்தரம் மிகவும் நன்று' என்று பதில் வந்தது. பொதி வந்தபோது கூரியர் தம்பி பணத்தை எண்ணி வாங்கிய பிறகுதான் பிரிக்க விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்குப் போட்டிருக்கும் விதி அது.

பீக்கோ என்ற சொல் முன்னுரையில் வருகிறது. அதற்குப் பிறகு எங்குமே இல்லை. கட்டம் என்று ஒன்றுகூட இல்லை. அதன் இடத்தில் மலைநாட்டின் வேறு வேறு மூலைகளில் தொடங்கி முடியும் பழைய நடைவழிகள். இத்தனைக்கும் பீக்கோ டிரெயிலின் கட்டங்களைப் பற்றிய விவரங்கள் அதற்கான இணையத்தளத்திலேயே காசில்லாமல் கிடைக்கின்றன.

மச்சான் அதற்குள் ரயில் ஏறிவிட்டார். பண்டாரவளைப் பக்கம் ஒரு நாள் நடை, புத்தகத்தில் 'இலகுவானது' என்று குறித்திருந்தது. பாதி தூரம் எனக்குப் பழக்கமான ரோடு. அதையே நடந்து பார்ப்போம் என்று கிளம்பினோம்.

தோட்டத்தின் பெயரைச் சொல்லத் தேவையில்லை, தோட்டத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. புத்தகம் சொன்னது இவ்வளவுதான்: 'தொழிற்சாலையைத் தாண்டி இடப்புறம் திரும்பவும். பாலத்தைக் கடந்தால் இரண்டு மணி நேரத்தில் மலைமுகட்டை அடையலாம்.' எந்தத் தொழிற்சாலை? அங்கே இரண்டு இருக்கின்றன. ஒன்றில் தேயிலைக் கொழுந்து அரைக்கிறார்கள், மற்றது தகரம் துருப்பிடித்துப் பூட்டிக் கிடக்கிறது. தோட்டத்துப் பிரிவைக் கணக்கு என்போம்; மேல் கணக்கா, கீழ்க் கணக்கா என்றும் இல்லை. தோட்டத்தில் ஒரு கணக்குக்கும் இன்னொன்றுக்கும் இடையில் மைல் கணக்கில் தூரம் இருக்கலாம் என்பது இங்கே ஒரு நாளாவது நடந்த எவருக்கும் தெரியும். அந்த ஒரு வரியே, எழுதியவர் அந்த இடத்தில் நின்று எழுதவில்லை என்று சொல்லிவிடுகிறது.

பூட்டிய தொழிற்சாலைக்குக் கீழே இடப்புறம் ஒரு பாதை இறங்கியது. கொஞ்ச தூரம் போனதும் மாணாப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து பாதையை விழுங்கியிருந்தது. இரத்தம் உறிஞ்சும் அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை; மச்சானின் நண்பர் ஒருவர் காலுறையைக் கழற்றிப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு பேசவே இல்லை. எதிரே கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த ஓர் அக்கா எங்களைப் பார்த்து நின்றார்.

"எங்கே தம்பி போகிறீர்கள்? கீழே பாலம் கிடையாது. அது உடைந்தபோது என் மகள் சின்னப் பிள்ளை. இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள்."

புத்தகத்தைக் காட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அந்த மலையில் குளவிக்கூடு வேறு இருக்கிறது. ஆள் விடுவதில்லை. பேசாமல் மேல் கணக்குக்கு ஏறி ரோட்டைப் பிடியுங்கள்" என்றார்.

குளவி என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். வெளியூரில் இருப்பவர்களுக்கு அது ஒரு பூச்சி. கொழுந்து எடுக்கிறவர்களுக்கு அது உயிர்ப் பயம். குளவி கொட்டித் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி என்ற செய்தி மலையகத்தில் ஓயாமல் வருவது, இறந்தவர்களும் இருக்கிறார்கள். தேயிலை மலைகளுக்குள் ஆளை அனுப்பும் கையேடு அதைப் பற்றி ஒரு வாக்கியமாவது எழுத வேண்டாமா? இந்தப் புத்தகத்தில் தேடிப் பார்த்துவிட்டேன். பட்டாம்பூச்சிகளுக்கு அரைப் பக்கம் இருக்கிறது.

மேல் கணக்குக்கு ஏறும்போதே மூடுபனி இறங்கிவிட்டது. ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டு. புத்தகத்தில் போட்டிருந்த இரவு பஸ், பல வருடங்களாக ஓடுவதில்லை என்று கடைக்காரர் சொன்னார். ஆட்டோவுக்குக் கேட்டதைக் கொடுத்து வீடு வந்தோம்.

அன்றிரவு உட்கார்ந்து புத்தகத்தை வரிக்கு வரி படித்தேன். ஹோர்ட்டன் சமவெளியில் 'ஃபார் இன் விடுதியில் இரவு தங்கலாம்' என்கிறது. அது இன்று பார்வையாளர் நிலையம். தலவாக்கலை வழியாகப் போகும் நடையில் நகரத்துக்குக் கீழே ஆற்றங்கரையோரமாக நடக்கச் சொல்கிறது. மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் முடிந்து அங்கே நீர்த்தேக்கம் நிற்கிறது. அந்தத் திட்டத்துக்குத் தண்ணீரைத் திருப்பிய பிறகும் சென் கிளேயர் நீர்வீழ்ச்சி ஆண்டு முழுவதும் பெருக்கெடுத்துக் கொட்டுமாம். அவசரத் தொலைபேசி எண்களில் 2016இல் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை இல்லை. பதிப்பித்த ஆண்டு, அச்சகம் எல்லாம் இருக்க வேண்டிய பக்கமே இல்லை. கிழித்த தடம்கூட இல்லாமல் அச்சிடும்போதே விட்டிருக்கிறார்கள். எந்தக் காலத்துப் புத்தகத்தையோ படியெடுத்து, புது முன்னுரையும் புது அட்டையும் ஒட்டியிருக்கிறார்கள் என்பது அதற்குள் விளங்கிவிட்டது.

பிறகு கொஸ்லாந்தைப் பக்கம் வந்தது. தியலுமை நீர்வீழ்ச்சியில் தொடங்கி அப்புத்தளை மலைமுகட்டுக்கு ஏறும் வழி. நடுவில் இப்படி எழுதியிருக்கிறது: 'மீரியபெத்த லயங்களில் சற்று இளைப்பாறலாம். அன்பான தோட்ட மக்கள் உங்களைத் தேநீர் தந்து உபசரிப்பார்கள்.'

2014 ஒக்டோபர் 29 காலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில், மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லயங்களை மூடியது. பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் வீடிருந்த இடத்தில் சேற்றைப் பார்த்தார்கள். பலருடைய உடல்கள் கிடைக்கவே இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது என்பதெல்லாம் பிறகு பேப்பரில் வந்தது. மலையகத்தில் அந்தப் பெயர் தெரியாத வீடு கிடையாது. 2026 என்று முத்திரை குத்திய புத்தகம் அங்கே போய்த் தேநீர் குடிக்கச் சொல்கிறது.

நான் படித்ததைக் கேட்டுக்கொண்டிருந்த மச்சான் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தார்.

மறுநாள் விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தேன். பணத்தைவிட அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் பேச நினைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, மலை அங்கேயேதானே இருக்கிறது, பாதை எங்கே போய்விடும்?" என்றார். மண்சரிவு என்றேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலைநாட்டில் எத்தனை ரோடுகளும் ரயில் பாதையும் பாதைகளும் அடித்துப் போயின என்று சொல்ல ஆரம்பித்தேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார். அதற்குப் பிறகு என் எண்ணிலிருந்து அழைப்புப் போவதில்லை.

வரைபடங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அதுதான் மிகவும் ஆபத்தான பகுதி. உயர்தர வகுப்பில் புவியியல் படித்தவர்களுக்கு நில அளவைத் திணைக்களத்தின் பழைய இடவிளக்கப்படம் நினைவிருக்கும், ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல். அதைத்தான் படியெடுத்து, பக்கத்தில் அடங்குவதற்காகச் சுருக்கியிருக்கிறார்கள். 'ஓர் அங்குலம் ஒரு மைல்' என்ற வரியை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். அடிமட்டம் வைத்து அளந்து நடந்தால் இரண்டு மைல் என்று நினைத்தது மூன்றாக முடியும். சமவுயரக்கோடுகளில் இருக்கும் எண்கள் அடிக்கணக்கு, எழுத்தில் வருவதெல்லாம் மீட்டர். எந்தக் கையேட்டிலும் கோடு போட்ட அளவுகோல் இருக்கிறதா என்று பாருங்கள். படம் சுருங்கினால் அதுவும் சேர்ந்தே சுருங்கும், அதனால் பொய் சொல்லாது. திணைக்களத்தின் 1:50,000 தாள்கள், நாடு முழுவதற்கும் 92, விலைக்குக் கிடைக்கின்றன. போகிற இடத்துக்குரிய தாளை வாங்குவது இந்தப் புத்தகத்தை வாங்குவதைவிட எவ்வளவோ மேல்.

நடை நேரத்தையும் வீட்டிலிருந்தே சோதிக்கலாம். மலையேறிகளிடையே பழங்காலக் கணக்கு ஒன்று இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னுமொரு மணி நேரம். அது நல்ல பாதையில், பாரமில்லாமல், ஓய்வெடுக்காமல் நடப்பவர்களுக்கு. கொஸ்லாந்தையிலிருந்து அப்புத்தளைக்கு ஏற்றம் மட்டுமே 600 மீட்டருக்கு மேல் வரும். இந்தப் புத்தகம் முழு வழிக்கும் போட்டிருக்கும் நேரம் 'இரண்டரை மணி'. முதுகில் பையுடன் ஆட்டுக்குட்டிகூட அப்படி ஏறாது.

இன்னொன்று, காலநிலை. 'மலைநாட்டுக்குச் செல்லச் சிறந்த காலம் டிசம்பர் முதல் மார்ச் வரை' என்று ஒரே வரியில் முடித்துவிடும் எந்தப் புத்தகத்தையும் நம்ப வேண்டாம். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துக்கு அது சரி. சிவனொளிபாதமலைப் பருவமே டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும்தான். ஆனால் அதே டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகீழ்ப் பருவமழை பதுளைப் பக்கத்தையும் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவுகளையும் நனைத்துக்கொண்டிருக்கும். ஒரே மலைக்கு இரண்டு பக்கம், இரண்டு மழைக்காலம். நல்ல கையேடு வழிக்கு வழி தனித்தனியாக மாதம் சொல்லும். எந்த வருடம் எந்த மாதத்தில் நடந்து பார்த்தோம் என்றும் சொல்லும். நடுவழியில் முடியாமல் போனால் எந்தப் பக்கம் இறங்கினால் பஸ் ரோடு வரும் என்றும் சொல்லும். இந்த மூன்றும் இல்லாத புத்தகத்தில் புகைப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது மேசையில் வைத்துப் பார்ப்பதற்குத்தான்.

ஒரு சுலபமான வழி சொல்கிறேன். விற்பவரிடம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடத்தின் பக்கத்தைக் கேளுங்கள். உங்கள் ஊர், நீங்கள் படித்த பாடசாலை இருக்கும் தோட்டம், அம்மாவின் ஊர், எதுவானாலும் சரி. அந்த ஒரு பக்கத்தைப் படித்தாலே எழுதியவர் வந்தாரா, வராமலே எழுதினாரா என்று தெரிந்துவிடும். பக்கத்தை அனுப்ப மறுத்தால் விடயம் அதோடு முடிந்தது.

எந்தப் புத்தகம் கையில் இருந்தாலும், கிளம்புமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வரும். மஞ்சளிலேயே பயணத்தைத் தள்ளிப்போடுவது என் வழக்கம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119 ஆகியவற்றைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். மலையில் தொலைபேசியின் பட்டறி இறங்கிவிட்டால், வழியில் இருக்கும் கடையிலிருந்தாவது அழைக்கலாம்.

இதே புத்தகத்தை வாங்கியவர்கள் இருந்தால், தூக்கி எறிந்துவிடாதீர்கள். பொய்யான விவரம் சொல்லிப் பொருள் விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி குற்றம். அதிகார சபையின் 1977 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், ஆனால் எழுத்தில் கொடுப்பது நல்லது. கூரியர் சீட்டு, விளம்பரத்தின் படம், விற்றவரோடு நடந்த செய்திப் பரிமாற்றம், புத்தகம் ஆகிய நான்கும் வேண்டும். விளம்பரத்தை உடனே படமெடுத்து வையுங்கள். நான் முறைப்பாடு கொடுத்த இரண்டாம் நாள் பச்சை அட்டை விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள்.