ஏர் இன்டேக் மாட்டிக்கொண்டேன், பழைய டப்பாவைப் பறிகொடுத்தேன்

பிக்கப் வண்டியின் கம்பெனி ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு, வெளியே விற்கும் ஏர் இன்டேக் கிட் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயும் ஃபில்டரும்) மாட்டலாம் என்று யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். அலைந்த கடுப்பில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

என்னுடையது பெட்ரோல் பிக்கப். ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். டயர் மாற்றப் போன இடத்தில் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், கம்பெனி டப்பா இன்ஜினை மூச்சே விட விடாது, இந்தக் கிட்டைப் போட்டால் பிக்கப்பும் ஏறும் மைலேஜும் ஏறும்" என்று ஆரம்பித்தார்கள். வண்டியே பிக்கப்தான், அதற்கு இன்னும் என்ன பிக்கப் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டேன்.

மைலேஜ் கதை எவ்வளவு பொய் என்று பிறகுதான் புரிந்தது. பெட்ரோல் இன்ஜினில் சாதாரணமாக ஓட்டும்போது காற்றை மறித்து நிற்பது திராட்டில் தகடு. எவ்வளவு காற்று போக வேண்டும் என்பதை உங்கள் கால்தான் முடிவு செய்கிறது. அதற்கு முன்னால் இருக்கும் ஃபில்டரை எவ்வளவு தாராளமாக்கினாலும், பாதி மூடிய கதவுக்கு வெளியே தெருவை அகலப்படுத்துகிற வேலைதான். முழு ஆக்ஸிலரேட்டரில் ஏதாவது கிடைக்கலாம், ஆனால் தினசரி நாம் அப்படியா ஓட்டுகிறோம்?

நாற்பது நிமிடத்தில் மாட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். சத்தம் மட்டும் அருமை. கம்பெனி குழாயில் சத்தத்தை அடக்க ஒரு கூடு இருக்கும், அது போய்விட்டதால் மிதித்தவுடன் உறுமும், காதும் வண்டி பறக்கிறது என்று நம்பிவிடும். பழைய டப்பாவைக் கேட்டேன். "அதையா, குப்பையில் போட்டுட்டோமே சார்" என்றார்கள். நானும் சரி என்று வந்துவிட்டேன். நான் செய்த பெரிய முட்டாள்தனம் இதுதான்.

மூன்றாம் நாள் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. சிக்னலில் நின்றால் ஐடில், அதாவது கால் வைக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், மேலும் கீழுமாக ஆடும். கடைக்குப் போனால் ஸ்கேனரைச் செருகி, விளக்கை அழித்து, "புது பார்ட் சார், செட் ஆக கொஞ்சம் ஓடணும்" என்று அனுப்பிவிட்டார்கள். அழித்தால் இரண்டு மூன்று நாள் நிம்மதி, அப்புறம் மறுபடி. பல வண்டிகளில் விளக்கை எரியவைத்த பிழைக் குறியீட்டை (கோட்) அழிக்கும்போது, பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் அதுவரை கற்று வைத்திருந்த எரிபொருள் திருத்தக் கணக்கும் சேர்ந்தே அழிந்துவிடும், மறுபடி ஓடி ஓடித்தான் தப்பைக் கண்டுபிடிக்கும். அந்த இடைவெளியைத்தான் ரிப்பேர் என்று என்னிடம் விற்றிருக்கிறார்கள். மூன்றாம் முறை போனபோது, காற்றை அளக்கும் சென்சாரே போய்விட்டது, புதிது போட வேண்டும் என்றார்கள். அங்கேதான் சந்தேகம் வந்தது.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன், வயதானவர். கோட் பி 0171, அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எரிபொருள் திருத்தம் 20 சதவீதத்துக்கு மேலே காட்டியது. "தம்பி, சென்சார் சாகலை, எண்ணெய்க் குளியல் போட்டிருக்கு" என்று கழற்றிக் காட்டினார். உள்ளே சூடேறும் மெல்லிய கம்பி ஒன்று உண்டு. போகிற காற்று அதைக் குளிர வைக்கும், அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் ஆகிறது என்பதை வைத்துத்தான் காற்றின் அளவு தெரிகிறது. கிட்டில் வந்த பருத்தி ஃபில்டருக்கு எண்ணெய் தடவ வேண்டும், ஆனால் அளவாக. இவர்கள் சொட்டச் சொட்ட ஊற்றியிருக்கிறார்கள். அது கம்பியில் படலமாக ஒட்டி, வரும் காற்றைக் குறைத்துக் காட்டியிருக்கிறது, அதற்கேற்ப பெட்ரோலும் குறைவாகப் போயிருக்கிறது. அதற்கென்றே இருக்கும் ஸ்பிரேயை அடித்துக் காயவிட்டார், சென்சார் வேலை செய்தது. பிரேக் கிளீனரை அடித்துவிடாதீர்கள், நிஜமாகவே செத்துவிடும்.

ஆனால் ஐடில் ஆட்டம் நிற்கவில்லை. டார்ச் அடித்துத் தேடியபோதுதான் அந்தக் கண்கொள்ளாக் காட்சி. இன்ஜினின் மேல்மூடியான வால்வ் கவரிலிருந்து இன்டேக் குழாய்க்கு வரவேண்டிய பிரீதர் ஹோஸ் (இன்ஜின் உள்பக்கம் மூச்சுவிடும் ரப்பர் குழாய்) அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, புதுக் குழாயின் துளைக்கு அளவு சேரவில்லை போல. துளையை எப்படி அடைத்திருந்தார்கள் தெரியுமா? நீல ரப்பர் கையுறையின் சுண்டுவிரலை வெட்டி மாட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் டை. நுனி கிழிந்திருந்தது. அந்தக் கிழிசல் வழியாகவும் ஹோஸ் வழியாகவும், அளக்கப்படாத, வடிகட்டாத காற்று நேராக இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வெள்ளைத் துணியைக் குழாய்க்குள் விட்டுத் துடைத்தார், மண் நிறத்தில் வெளியே வந்தது. எத்தனை நாள் அந்தத் தூசியைக் குடித்ததோ என் இன்ஜின்.

இதெல்லாம் போக, பெயர்தான் குளிர்காற்று இன்டேக். இன்ஜின் சூட்டை மறிக்கும் தடுப்புத் தகட்டின் ரப்பர் ஓரத்தை மாட்டவே இல்லை. வெளியே 30 டிகிரி இருக்கும்போது நெரிசலில் உள்ளே போகும் காற்று 60 டிகிரி என்று ஸ்கேனர் காட்டியது. அந்த அளவுச் சூட்டில் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். மூச்சு விடாத பழைய டப்பா வெளியிலிருந்து நல்ல காற்றை இழுத்துக்கொண்டுதானே இருந்தது!

பழைய டப்பாவைக் கொண்டு வா, மாற்றித் தருகிறேன் என்றார் பெரியவர். இல்லையே. உபயோகித்தது ஏதாவது கிடைக்குமா என்று தேடிக் கடைசியில் மானத்தை விட்டு அதே கடையில் கேட்டேன். பையன் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்து விலை சொன்னான். மூடியைத் திருப்பினேன். உள்பக்கம் கருப்பு மார்க்கரில் ஃபில்டர் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும், என் கையெழுத்தில்.

"அது வேற வண்டியோடது சார்" என்றார் முதலாளி. போனில் இருந்த பழைய போட்டோவை, அதே மூடி, அதே எழுத்து, நீட்டினேன். ஒன்றும் பேசாமல் டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டார். கிட்டுக்குக் கொடுத்த காசைத் திருப்பித் தர மட்டும் மாட்டேன் என்றுவிட்டார், பில்லில் 'மாட்டியதற்குப் பிறகு பொறுப்பல்ல' என்று பொடி எழுத்தில் இருந்ததாம்.

டப்பாவை மாட்டி, ஹோஸைச் சேர்த்தபின் திருத்தம் 3 சதவீதத்துக்கு இறங்கியது, விளக்கு திரும்ப வரவில்லை. மூடியின் நான்கு கிளிப்பில் ஒன்றை உடைத்து வைத்திருக்கிறார்கள், அது மட்டும் தனியாக எங்கும் கிடைக்க மாட்டேன் என்கிறது.