எலும்புக்குப் பரவிய புற்றுநோய் வலி: கதிர்வீச்சா, அல்ட்ராசவுண்டா?

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் என்று எங்கோ தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குப் பரவுவது சகஜம். இடுப்பெலும்பில் பரவிவிட்டால் புரண்டு படுப்பதே பெரும்பாடாகிவிடும். இந்தக் கட்டத்தில் சிகிச்சையை எடைபோடும்போது நான் முக்கியமாகப் பார்ப்பது, வலி எவ்வளவு சீக்கிரம் குறையும், அதற்காக நோயாளி எவ்வளவு அலைய வேண்டும் என்பதைத்தான்.

முதல் தேர்வு இன்றைக்கும் கதிர்வீச்சுதான், நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்பார்களே, அது. ஏறக்குறைய பத்தில் ஆறு பேருக்கு வலி குறைகிறது. முழுதாகப் போய்விடுவது நாலில் ஒருவருக்குத்தான். இதில் பல குடும்பங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஒரே நாளில் 8 கிரே (கதிரை அளக்கும் அலகு) கொடுத்தாலும், பத்து நாள் பிரித்து 30 கிரே கொடுத்தாலும் வலி குறைவது ஒரே அளவுதான் என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. ஒரே தடவையில் முடித்தவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்கு மறுபடி கொடுக்க வேண்டி வருகிறது, பல நாள் எடுத்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம். உட்காரக்கூட முடியாதவரைப் பத்து நாள் வண்டியில் ஏற்றி இறக்குவதற்கு முன்னால், "ஒரே தடவையில் முடிக்க முடியுமா டாக்டர்?" என்று கட்டாயம் கேளுங்கள்.

கதிர்வீச்சின் குறை, பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகலாம் என்பது. சிலருக்கு முதல் சில நாட்கள் வலி ஏறவும் செய்யும்; அதைத் தணிக்க டெக்ஸாமெதசோன் மாத்திரை உண்டு. இரண்டாம் முறையும் கொடுக்கலாம். ஆனால் பக்கத்தில் இருக்கும் குடலும் தண்டுவடமும் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

அல்ட்ராசவுண்ட் முக்கியமாவது இந்த இடத்தில்தான். ஸ்கேன் எடுக்கப் பயன்படும் அதே வகை ஒலி அலைகளைப் பல திசையிலிருந்து ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். எலும்பின் மேற்பரப்பு ஒலியை நன்றாக உறிஞ்சிச் சூடாகும். அந்தச் சூட்டில் எலும்பை மூடியிருக்கும் உறையிலுள்ள நரம்புகள் கருகிவிடுகின்றன. வலியைக் கடத்துவது அவைதான். கத்தி, ஊசி எதுவும் உள்ளே போவதில்லை, கதிரும் கிடையாது. நோயாளி எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருப்பார். தோலுக்கும் கருவிக்கும் நடுவே காற்றுக்குமிழி இருந்தால் தோல் வெந்துவிடும் என்பதால் அந்த இடத்தில் முடியை மழித்து ஜெல் பட்டை வைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் சுமார் 20 நொடி சூடு, நடுநடுவே ஆற இடைவெளி. சூடு எங்கே, எவ்வளவு என்று எம்.ஆர்.ஐ. உடனுக்குடன் காட்டும். தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லி அழுத்த நோயாளி கையிலேயே ஒரு பொத்தான் இருக்கும்.

மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2012இல் இதற்கு அனுமதி தந்தது, கதிர்வீச்சு பலிக்காதவர்களுக்கும் அதை எடுத்துக்கொள்ள முடியாதவர்களுக்கும் மறுத்தவர்களுக்கும். 2014இல் வெளியான பெரிய ஆய்வில் 147 பேர் கலந்துகொண்டார்கள். மூன்று மாதத்தில், சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பொய்ச் சிகிச்சை (ஒலி அலையைச் செலுத்தாமல் செய்வதுபோல் காட்டுவது) பெற்றவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான். பலன் கண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு மூன்றே நாளில் தெரிந்துவிட்டது. வாரக்கணக்கில் காத்திருக்கத் தெம்பில்லாதவருக்கு இது சின்ன விஷயமில்லை. மறுபக்கம், மூன்றில் ஒருவருக்குச் சிகிச்சையின்போதே வலித்தது. இரண்டு பேருக்கு எலும்பு முறிந்தது, ஒருவருக்குத் தோல் ஆழமாக வெந்தது.

அப்படியானால் நேரே இதற்கே போகலாமே என்று தோன்றும். தைவானில் ஒரே மாதிரி நோயாளிகளை ஜோடி சேர்த்துப் பார்த்தபோது, முதல் வாரத்தில் அல்ட்ராசவுண்ட் 71 சதவீதம் பேருக்கும் கதிர்வீச்சு 26 சதவீதம் பேருக்கும் பலன் தந்தது. ஆனால் அது சின்ன ஆய்வு, சீட்டுக் குலுக்கிப் பிரித்ததும் இல்லை. அதை மட்டும் நம்பி வரிசையை மாற்ற நான் சொல்லமாட்டேன்.

தவிர, வலி எந்த இடத்தில் என்பதும் முக்கியம். இடுப்பெலும்பு, தோள்பட்டை போன்ற இடங்களுக்கு அல்ட்ராசவுண்ட் தோதுப்படும். முதுகெலும்பில் தண்டுவடத்தை ஒட்டியிருந்தாலோ, மண்டையோட்டில் இருந்தாலோ, தோலுக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தாலோ ஆகாது. உடம்பில் பல இடத்தில் வலி என்றாலும் பொருந்தாது, அதற்குப் பெரும்பாலும் மருந்துகள்தான். இரண்டு மூன்று மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும் என்பதால் லேசான மயக்க மருந்தாவது தேவைப்படும். செய்யும் மருத்துவமனைகளோ மிகச் சில. கதிர்வீச்சுக் கருவி அரசுப் புற்றுநோய் மையங்களிலேயே இருக்கிறது. ஊசி வழியாகக் கட்டியை உறைய வைப்பதும் சுடுவதும் உண்டு; கதிர்வீச்சுக்குப் பிறகும் வலி தீராதபோது அல்ட்ராசவுண்ட் கிடைக்காத ஊரில் அவற்றைக் கேட்டுப்பார்க்கலாம்.

எதை எடுத்தாலும் மார்ஃபினை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. வலி குறையக் குறைய டாக்டரே அளவைக் குறைப்பார். அப்புறம், முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடைபட்டாலோ இந்த ஒப்பீட்டையெல்லாம் விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தண்டுவடம் நெரிபடுகிறது என்றால் ஒரு நாள் தாமதம்கூட நடக்க முடியாமல் செய்துவிடும்.