வெள்ளி இறங்கியதா, இறக்கப்பட்டதா? நிதி ஆங்கிலம் படிக்க எந்த வழி நல்லது

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்து லாபிஸ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அண்ணனோ அப்பாவோ சிங்கப்பூரில் வேலை. மாதாமாதம் சிங்கப்பூர் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர் வந்து, ரிங்கிட் எனப்படும் நம் மலேசிய வெள்ளியாக மாறுகிற வீடுகள். எந்த வாரம் மாற்றினால் லாபம் என்பதை அந்த வீட்டு அம்மாக்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வரும் ஒரு மாணவி, 'ரிங்கிட் அப்ரீஷியேட்டட்' என்ற செய்தி வரியை 'ரிங்கிட் பாராட்டப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அகராதியில் அந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருள் அதுதான்; நாணயத்துக்கு வரும்போது மதிப்பு ஏறியது என்று பொருள்.

அன்று முதல் மூன்று வழிகளை வகுப்பில் மாற்றி மாற்றிப் பார்த்து வருகிறேன்: சொற்பட்டியல் நோட்டு, கைப்பேசிச் செயலி, தினசரி நாணயச் செய்தி.

நோட்டு வழி நமக்குப் பழகியது. இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் மலாயும் தமிழும். ஒரே பொருள் மட்டும் உள்ள சொற்களுக்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. 'பேசிஸ் பாயிண்ட்' என்றால் ஒரு விழுக்காட்டில் நூறில் ஒரு பங்கு. 2025 ஜூலையில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தன் வட்டி விகிதத்தை 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75க்குக் குறைத்ததே, அது 25 பேசிஸ் பாயிண்ட். ஒரு வரியில் பாடம் முடிந்தது.

இரட்டைச் சொற்களில்தான் நோட்டு கைவிடுகிறது. 'டிப்ரீசியேஷன்', 'டிவேல்யுவேஷன்' இரண்டுக்கும் எதிரே 'மதிப்பு குறைதல்' என்றே பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். கணக்கியல் படித்தவர்களுக்கு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. அவர்களுக்கு டிப்ரீசியேஷன் என்றால் மலாயில் சுசுட் நிலாய், அதாவது லாரி பழசாகி ஆண்டுக்கு ஆண்டு விலை இறங்குவது. அதை வைத்துக்கொண்டு நாணயமும் தேய்ந்து பழசாகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

செயலியின் பெரிய பலம் உச்சரிப்பு. வீட்டில் ஆங்கிலமே காதில் விழாத பிள்ளைக்கு, 'லிக்விடிட்டி' என்பதைச் சலிக்காமல் நூறு முறை சொல்லிக் காட்ட வேறு யார் இருக்கிறார்கள்? மறக்கும் நேரம் பார்த்துப் பழைய சொல்லைத் திரும்பக் கேட்பதும் நல்ல ஏற்பாடு. ஆனால் நான் பார்த்த செயலிகளில் சொல் தனியாகவே நிற்கிறது. எந்த வினையோடு வரும், எந்தப் பக்கம் போகும் என்பது தெரிவதில்லை. முழு மதிப்பெண் வாங்கிய பையனிடம், டாலர் 4.20 வெள்ளியிலிருந்து 4.80க்குப் போனால் நம் வெள்ளி ஏறியதா இறங்கியதா என்று கேட்டேன். எண் கூடியதால் ஏறியது என்றான். ஒரு டாலர் வாங்க 60 சென் அதிகம் கொடுக்கிறோம், ஆகவே வெள்ளி இறங்கியிருக்கிறது. இந்தத் திசை புரியாமல் நூறு சொல் தெரிந்தும் பயனில்லை.

என் மனம் மூன்றாவது வழியில்தான் நிற்கிறது. மலேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமா காலையும் மாலையும் தருகிற ரிங்கிட் செய்தியைத் தொடர்ந்து படித்துப் பாருங்கள். வாக்கியத்தின் கட்டு ஏறக்குறைய தினமும் ஒன்றுதான்: ரிங்கிட், ஒரு வினைச்சொல், 'கிரீன்பேக்' எனப்படும் டாலர், இன்றைய விலை, நேற்றைய விலை. மாறுவது வினை மட்டுமே. 'ஈஸ்டு' என்றால் சற்றே தளர்ந்தது, 'ஸ்லிப்ட்' என்றால் சறுக்கியது, 'பிளஞ்ச்டு' என்றால் தலைகுப்புற விழுந்தது. 'ரிபவுண்டட்' வந்தால் அதற்கு முன் ஒரு சரிவு இருந்திருக்க வேண்டும். பக்கத்திலேயே இரண்டு விலையும் இருப்பதால் திசையையும் அளவையும் பிள்ளையே சரிபார்த்துக்கொள்ளலாம். ஜப்பானிய யென் போன்ற சில நாணயங்களை நூறாக வைத்துச் சொல்வார்கள், அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

தினச் செய்தியிலும் ஒரு குறை உண்டு. பெரிய சொற்கள் தினமும் வராது. அவற்றுக்கு நம் வெள்ளியின் வரலாற்றையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தேவையான சொல் எல்லாம் அதிலேயே இருக்கிறது.

1967 நவம்பர் 18. பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40ஆகக் குறைத்தது. அந்த ஆண்டு ஜூனில் வெளிவந்த நம் புதிய வெள்ளி இறங்கவில்லை. ஆனால் பவுண்டோடு பிணைந்திருந்த பழைய நோட்டு, வெள்ளிக்கு 85 காசு என்று ஆனது. பினாங்கில் அதை எதிர்த்து எழுந்த ஹர்த்தால் கலவரமாகவே மாறியது. ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த பழைய நோட்டுகளை என் பாட்டி தகரப் பெட்டியில் வைத்திருந்தார். 'கவர்மெண்டு காச வெட்டிருச்சு' என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். டிவேல்யுவேஷன் என்ற சொல்லுக்கு அதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஒருவர் முடிவெடுத்து, நாள் குறித்து இறக்குவது அது.

1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் நாணயமான பாட்டை 'ஃப்ளோட்' செய்தது, அதாவது பிடியை விட்டு மிதக்க விட்டது. அப்போது டாலருக்கு ஏறக்குறைய 2.50 வெள்ளி. 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. யாரும் அறிவித்து இறக்கவில்லை, சந்தையில் விற்பவர் பெருகி இறங்கியது. இது டிப்ரீசியேஷன். 1998 செப்டம்பரில் 3.80 என்று 'பெக்' செய்தார்கள். பெக் என்றால் முளைக்குச்சி. தோட்டத்துப் பிள்ளைக்கு, ஆட்டை முளையில் கட்டுவது போல என்றாலே போதும். 2005 ஜூலை 21இல் முளையைப் பிடுங்கி 'மேனேஜ்டு ஃப்ளோட்'டுக்கு மாறினார்கள்: மேய விட்டாலும் மேய்ப்பவர் பக்கத்திலேயே நிற்கிறார். 2024 பிப்ரவரியில் 4.80 வரை மறுபடி டிப்ரீசியேஷன், அதே செப்டம்பர் இறுதியில் 4.12 அளவுக்கு அப்ரீசியேஷன். பாராட்டப்பட்டது என்று எழுதிய மாணவி அந்தக் கடைசி வரியைப் படித்ததும் தானாகவே தன் பழைய நோட்டைத் திறந்து திருத்தினாள்.

நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு, முக்கியமாகப் பல்கலைக்கழக நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வான மூயெட் எழுதப் போகிறவர்களுக்கு: அரை மணி நேரம் இருந்தால் அதில் இருபது நிமிடம் அன்றைய ரிங்கிட் செய்தி, வினைக்கு அடிக்கோடு, பிறகு அதே கட்டில் சொந்தமாக ஒரு வாக்கியம். மிச்சப் பத்து நிமிடம் செயலியில் உச்சரிப்பு. நோட்டில் ஒற்றைப் பொருள் சொற்களை மட்டும் எழுதுங்கள். இரட்டைச் சொல் வந்தால் பொருளுக்குப் பதில் ஆண்டை எழுதுங்கள்: டிவேல்யுவேஷன், 1967; டிப்ரீசியேஷன், 1997.