செட்டில்–கார்லைல் ரயில்: நான்கு பேருக்கு ஒரு மேசை

வட இங்கிலாந்தின் மலைகளுக்குள் ஓடும் இந்த ரயிலில், லீட்ஸில் ஏறுகிறவர்கள் இடது பக்கம் உட்காருங்கள். வலது பக்கத்திலும் மலை தெரியும்தான். ஆனால் டென்ட் பள்ளத்தாக்கு காலடியில் விரிந்து கிடக்கும் அந்தச் சில நிமிடங்கள் இடது ஜன்னலுக்குத்தான் கிடைக்கும். நால்வர் எதிரெதிரே அமரும் மேசை இருக்கைகள் ஒரு பெட்டியில் சிலவே உண்டு. நாங்கள் அரை மணி நேரம் முந்திப் போய் நின்று ஒன்றைப் பிடித்தோம். அந்த மேசைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருபத்தாறு ஆண்டுகளாக லீட்ஸில் இருக்கிறேன். மற்ற மூவரில் ஒருத்தி டொரண்டோவில், ஒருத்தி ஒஸ்லோவில், ஒருத்தி பிறந்த ஊரான யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலேயே. நால்வரும் ஒரே வகுப்பு, ஒரே ஒழுங்கை. 1984இல் நான் சுன்னாகத்தில் கொழும்பு ரயில் ஏறியபோது மூவரும் மேடையில் நின்றார்கள். அதன் பிறகு கல்யாண வீடுகளில் இருவராக, மூவராகச் சந்தித்திருக்கிறோம். நால்வராக ஓரிடத்தில் இருந்ததில்லை. இந்த ஆண்டு மகளின் பிரசவம் பார்க்கச் சுன்னாகத்துக்காரிக்கு விசா கிடைத்தது. செய்தி கேட்ட அன்றே மற்ற இருவரும் விமான டிக்கெட் எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் வைத்துப் பேசினால் ஒருத்தி எப்படியும் அடுப்படிக்குள் போய்விடுவாள். காரில் போனால் ஓட்டுகிறவளுக்கு யார் முகமும் தெரியாது. ரயிலில் எழுந்து போக இடமில்லை, செய்வதற்கு வேலையும் இல்லை. லீட்ஸிலிருந்து கார்லைலுக்குச் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். செட்டில் தாண்டி மலைக்குள் போன பிறகு பல இடங்களில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. இதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதுவே பெரிய உபகாரமாக இருந்தது. ஸ்கிப்டன் வரை பிள்ளைகள், நீரிழிவு மாத்திரை, முழங்கால் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஒவ்வொருத்தியும் படம் காட்டக் கைபேசியை எடுத்தபடியே இருந்தாள். ஹார்ட்டன் நிலையம் போனதும் நான்கு கைபேசிகளும் மேசையில் குப்புறக் கிடந்தன. வலது பக்கம் பென்-இ-கென்ட் மலை முதுகு காட்டி நின்றது. அப்போதுதான் ஒஸ்லோக்காரி, எங்கள் கணக்கு டீச்சர் குடையை எந்தக் கையில் பிடிப்பார் என்று கேட்டாள்.

வெளியே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: புல், ஆடு, கல். அவ்வளவுதான், ஆனால் கண் அலுப்பதில்லை. மலை உச்சி வரை சாந்து பூசாமல் அடுக்கிய கல் மதில்கள் ஓடுகின்றன. நெடுந்தீவின் பவளக்கல் மதில்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கைவேலை உடனே பிடிபடும். சுன்னாகத்துக்காரி மடியில் ஒரு பிஸ்கட் பேணி வைத்திருந்தாள். மூடியைச் சுற்றி மூன்று வரி டேப் ஒட்டியிருந்தாள். கொழும்பு, தோஹா, லண்டன் என்று மூன்று இடம் தாண்டி வந்த பயற்றம் பணியாரம், ஒன்றுகூட உடையவில்லை. தன்னார்வலர்கள் நடத்தும் தேநீர் வண்டி பெட்டிக்குள் வந்தது. (எல்லா ரயில்களிலும் அது வருவதில்லை, கையில் ஏதாவது கொண்டு போங்கள்.) தேநீர் ஊற்றிய முதியவருக்கும் ஒரு பணியாரம் நீட்டினாள். அவர் அதை அங்கேயே தின்று, என்ன மாவு என்று கேட்டு, பயறு என்று நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

ரிபிள்ஹெட்டில் கட்டாயம் இறங்குங்கள். அங்குள்ள பெரிய ரயில் பாலத்தின் மேல் போகிறவர்களுக்குப் பாலம் தெரியாது. நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் 24 வளைவுகளும் ஒன்றாகத் தெரியும். நீளம் 400 மீட்டர், உயரம் 32 மீட்டர். இந்தப் பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 1876இல். பாலம் கட்டிய காலத்தில் இந்தச் சதுப்பு நிலத்தில் தொழிலாளர்களும் அவர்களுடைய குடும்பங்களும் குடிசை போட்டு இருந்திருக்கிறார்கள். விபத்திலும் அம்மை நோயிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அருகிலுள்ள சாப்பல்-லெ-டேல் தேவாலய வளவில் பலர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். இன்று அங்கே காற்றுச் சத்தம் மட்டும்தான். தலையில் துணி கட்டாமல் போகாதீர்கள். கோடையிலும் குளிர் காதுக்குள் இறங்கும்.

1980களில் இந்தப் பாலத்தைப் பழுது பார்க்கச் செலவு அதிகம் என்று காரணம் சொல்லிப் பாதையையே மூடப் பார்த்தார்கள். ஊர் மக்களும் பயணிகளும் ஆயிரக்கணக்கில் ஆட்சேபித்துக் கையெழுத்திட்டார்கள். 1989 ஏப்ரலில் அரசு பின்வாங்கியது. அதற்கு முன்பே, பாலத்தின் பாரத்தைக் குறைக்க, அதன் மேல் ஒற்றைத் தண்டவாளம் ஆக்கியிருந்தார்கள், ரயில் மெதுவாகப் போகிறது, ஆனால் போகிறது. அரசு பின்வாங்கியதற்கு அடுத்த ஆண்டு, 1990இல், போரால் எங்கள் ஊருக்கு ரயில் நின்றுபோனது. யாழ்ப்பாணத்துக்கு அது திரும்பி வந்தது 2014 அக்டோபரில். சுன்னாகம் தாண்டிக் காங்கேசன்துறை போக 2015 ஆகிவிட்டது.

டென்ட் நிலையத்தில் இறங்குவது எல்லோருக்கும் சரிவராது. இங்கிலாந்தின் பிரதான ரயில் பாதைகளிலுள்ள நிலையங்களில் மிக உயரமானது இதுதான், 350 மீட்டர். டென்ட் ஊர் நான்கு மைலுக்கும் மேல் தள்ளிக் கீழே கிடக்கிறது. கடை இல்லை. ஒரு ரயிலை விட்டால் அடுத்ததற்குப் பல சமயம் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். நாங்கள் தெரிந்தேதான் இறங்கினோம்.

மேடையிலிருந்து பார்த்தால் மேலே சரிவில் கருத்த மரக்கட்டைகள் வரிசையாக நட்டிருப்பது தெரியும். சில சாய்ந்திருக்கின்றன, சில இற்றுப்போய்விட்டன. பனி சரிந்து தண்டவாளத்தை மூடாமல் இருக்க அந்தக் காலத்தில் போட்ட வேலி. டொரண்டோக்காரி முதலில் அவற்றைக் கல்லறை என்று நினைத்தாள். சுன்னாகத்துக்காரி பார்த்த உடனே, "சிலிப்பர் கட்டையடி" என்றாள்.

பிறகு அவள் பேசினாள். நாங்கள் மூவரும் ஊரில் இல்லாத போர் ஆண்டுகளில், ரயில் வராத பாதையிலிருந்து தண்டவாளங்களும் அவற்றுக்கு அடியில் கிடந்த கட்டைகளும் ஷெல்லுக்குப் பதுங்கும் பங்கர் குழிகளுக்குப் போய்விட்டன. அவர்கள் வளவில் மாமரத்தடியில் வெட்டிய பங்கருக்கு மேல் எட்டுக் கட்டை. மேலே மண் மூட்டை. வெயில் ஏறினால் கட்டையிலிருந்து கீல் மணம் இறங்கும். தண்டவாளத்தைப் பிடித்த ஆணிகள் இருந்த துளைகள் வழியாக, ஒவ்வொரு ஷெல் விழும்போதும் மண் தலையில் கொட்டும். தாய் பழைய சேலையைக் கிழித்து உருட்டி ஒவ்வொரு துளையாக அடைத்தாராம். "பதினாறு துளை. இருட்டில் விரலால் தடவித் தடவி எண்ணிக்கொண்டிருப்பேன்" என்றாள். சேலை என்ன நிறம் என்று ஒஸ்லோக்காரி கேட்டாள். மாம்பழ நிறம், கரை பச்சை. எங்கள் எல்லோருக்கும் அந்தச் சேலை தெரியும். பள்ளிக்கூட விழாவுக்கு அவள் தாய் அதைத்தான் உடுத்தி வருவார்.

அந்த இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. மேடையில் சிறிய காத்திருப்பிடம் உண்டு. மழை வந்தால் நால்வர் நெருங்கி உட்காரலாம், நெருங்கித்தான் உட்கார்ந்திருந்தோம்.

அன்றிரவு தங்கிய வாடகை வீட்டைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. படத்தில் நான்கு கட்டில். நேரில் மூன்று கட்டிலும் ஒரு சோபாவும். வெப்பமூட்டி இரவு பத்து மணிக்கு நின்றுவிட்டது. வீட்டுக்காரர் மறுநாள் காலையில்தான் தொலைபேசியை எடுத்தார். அறுபதை நெருங்கும் பெண்களைப் பணமும் வாங்கிக்கொண்டு இப்படி விடுவது சரியில்லை. முன்கூட்டியே பேசி, வெப்பமூட்டி எப்படி இயங்குகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நால்வரும் ஒரே அறையில் போர்வைகளைச் சேர்த்துப் படுத்தோம்.

மறுநாள் ஆப்பிள்பியிலிருந்து கார்லைல் வரை ஈடன் ஆற்றோரம், மென்மையான நாடு, பெரிய மரங்கள். அழகுதான், மலைப் பகுதியைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்குச் சற்றுக் குறைவாகப் பட்டது. நேரமில்லாதவர்கள் ஆப்பிள்பியோடு திரும்பிவிடலாம். கட்டணம் நாளுக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறும். சேர்ந்து போகும் குழுவுக்குச் சலுகை இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள்.

திரும்பும் வழியில் கார்ஸ்டேல் நிலையத்தில் ஒரு நாயின் வெண்கலச் சிலையைத் தேடுங்கள். ரஸ்வார்ப் என்று பெயர். பாதையை மூடக்கூடாது என்ற மனுவில் அதன் கால் தடமும் ஒரு கையெழுத்தாக இருந்தது. 1990 ஜனவரியில் அதன் எஜமானர் வேல்ஸ் மலைகளில் நடக்கப் போய் இறந்துபோனார். பதினொரு வாரம் கழித்து அவர் உடலைக் கண்டபோது நாய் பக்கத்திலேயே இருந்தது. இதைச் சொல்லி முடித்ததும் ஒருவரும் பேசவில்லை. ரயில் ரிபிள்ஹெட் பாலத்தில் ஊர்ந்தபோது டொரண்டோக்காரி சுன்னாகத்துக்காரியின் கையைப் பிடித்திருந்தாள். செட்டில் வரை விடவில்லை.

லீட்ஸில் வெளியேறும் கதவு இயந்திரம் முடிந்த டிக்கெட்டை விழுங்கிவிடும். சுன்னாகத்துக்காரி அதைப் பார்த்ததும் பின்வாங்கி நின்றுவிட்டாள். டிக்கெட்டை அவள் வைத்துக்கொள்ள விரும்புகிறாள் என்று பக்கத்தில் நின்ற ஊழியரிடம் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. ஓரத்திலிருந்த அகலக் கதவைத் திறந்து, "நான்கு பேருமா?" என்றார். நான்கு டிக்கெட்டும் இப்போது அந்தப் பிஸ்கட் பேணிக்குள் இருக்கின்றன.