ஆர்எக்ஸ் 100: பழைய கார்புரேட்டரா, புதுசா? ஏர் பாக்ஸா, கோன் ஃபில்டரா?

சிக்னலில் நிற்கும்போது யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் ரேஸ் (இன்ஜின் சுற்றும் வேகம்) தானாக ஏறுகிறது. த்ராட்டிலை விட்டாலும் உடனே இறங்குவதில்லை. நடு ரேஸில் வண்டி முக்குகிறது. சோக்கைப் போட்டால் கொஞ்சம் தெளிகிறது. இதைச் சொன்னால் பல ஒர்க்ஷாப்களில் ஒரே தீர்ப்புதான்: "கார்பு போயிடுச்சு, மாத்திடலாம்." என் 1993 மாடலுக்கும் அதைத்தான் சொன்னார்கள். புதுக் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) மாட்டிய மூன்றாம் நாள் அதே ரேஸ் திரும்பி வந்தது. கடைசியில் கோளாறு அகப்பட்ட இடம், கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் மேனிஃபோல்டு ரப்பர். அதன் அடிப்பக்கத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு. ரப்பரைக் கழற்றி விரலால் வளைத்தபோதுதான் அது வாயைத் திறந்து காட்டியது.

அதனால் எதை வாங்குவது என்று யோசிக்கும் முன் ஏர் லீக் (வேண்டாத காற்று உள்ளே புகுவது) இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்ஜின் ஐடிலிங்கில், அதாவது த்ராட்டிலைத் தொடாமல், ஓடட்டும். மேனிஃபோல்டைச் சுற்றி, சைலன்ஸர் பக்கம் போகாமல், ஸ்ப்ரே பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் சட்டென்று மாறினால் லீக் அங்கேதான். அங்கே இல்லையென்றால் அடுத்த சந்தேகம் கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்டின் இரு பக்கமும் உள்ள ரப்பர் அடைப்பு). மேக்னெட் பக்க சீல் போனால் வெறும் காற்றை இழுக்கும், ரேஸ் ஏறும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இழுக்கும், சைலன்ஸர் வெள்ளையாகப் புகையும், கியர் ஆயில் மட்டம் குறைந்துகொண்டே வரும். இவற்றில் எதையும் புதுக் கார்புரேட்டர் சரிசெய்யாது. டூ ஸ்ட்ரோக்கில் இதைத் தள்ளிப்போடவும் கூடாது. பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் பிஸ்டன் சூடேறி சீஸ் ஆகும் (இறுகி நின்றுவிடும்), பிறகு சிலிண்டரைக் கடைந்து போர் போடும் செலவில் போய் நிற்கும்.

லீக் இல்லை என்று உறுதியான பிறகுதான் பழசா புதுசா என்ற கேள்வி.

என் ஓட்டு முதலில் வண்டியோடு வந்த பழைய மிக்குனி கார்புரேட்டருக்கே. 1985 முதல் 1996 வரை வந்த இந்த வண்டியின் 98 சிசி இன்ஜினுக்கென்று அளந்து வைத்த ஸ்லைடு (த்ராட்டிலோடு ஏறி இறங்கும் அடைப்பு), நீடில் (அதில் தொங்கும் ஊசி), ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளையுள்ள பாகம்) எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நிறுத்தி வைத்த வண்டியில் பெரும்பாலும் அடைபடுவது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் கொடுக்கும் பைலட் ஜெட்தான். அதன் துளை அத்தனை நுணுக்கமானது. கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாக, சுத்தமாகத் தெரிய வேண்டும். பழுப்புப் பிசின் ஓரத்தில் ஒட்டியிருந்தாலே ஐடிலிங் நிலைக்காது. குண்டூசியை விட்டுக் குத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். பித்தளை மென்மையானது, ஒரு தடவை துளை பெரிதானால் அந்த ஜெட் கணக்கே தப்பிவிடும். கார்ப் கிளீனரில் ஊறவைத்து, மின் வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் மெல்லத் தட்டிவிட்டு, காற்றடித்தால் போதும். பாடிக்குள் இருக்கும் பைலட் வழியையும் அதேபோல் ஊதிவிட வேண்டும். அதை மறந்துவிட்டு ஜெட்டை மட்டும் கழுவினால் பலன் பாதிதான்.

பழசைக் கைவிட வேண்டிய இடமும் உண்டு. ஸ்லைடை உள்ளே விட்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பாடியே தேய்ந்துவிட்டது. அந்த இடுக்கு வழியே காற்று புகுந்துகொண்டே இருக்கும், எந்த ரிப்பேர் கிட்டும் அதை அடைக்காது. அப்போது புதுசு வாங்கத்தான் வேண்டும். ஓவர்ஃப்ளோ (பெட்ரோல் வழிவது) மட்டும்தான் பிரச்சினை என்றால், உள்ளே பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் நீடிலை மாற்றினால் போதும், முழுசாக மாற்றத் தேவையில்லை.

சந்தையில் கிடைக்கும் மலிவு நகல்களில் எனக்குள்ள மனக்குறை ஜெட்களைப் பற்றியது. எண் ஒன்றாக இருக்கும், துளை ஒன்றாக இருக்காது. நகல்தான் வாங்க வேண்டியிருந்தால், வண்டியில் மாட்டி உடனே முறுக்காமல், ரேஸ் வாரியாகப் பாருங்கள். த்ராட்டில் கிரிப்பில் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஐடிலிங்கிலிருந்து லேசாகத் திறக்கும்வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் (காற்றைக் கூட்டிக் குறைக்கும் திருகு) பேசும். கால் முதல் முக்கால் வரை நீடிலின் ஆட்சி. அதற்கு மேல் மெயின் ஜெட். எந்தக் கோட்டில் வண்டி முக்குகிறதோ அந்தப் பாகத்தை மட்டும் தொடுங்கள். இந்தக் கார்புரேட்டரில் ஏர் ஸ்க்ரூவை வெளியே திருகினால் காற்று கூடும், லீன் ஆகும் (கலவையில் பெட்ரோல் குறையும்); சிலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

28 மில்லிமீட்டர் வாயுள்ள பிடபிள்யூகே கார்புரேட்டர் போடலாமா என்று கேட்கிற தம்பிகளுக்கு: பழைய கார்பின் 20 மில்லிமீட்டருக்கும் இந்த 28க்கும் நடுவில் வாயின் பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. போர்ட்டும் (சிலிண்டரின் துவாரங்கள்) சைலன்ஸரும் கம்பெனி அளவிலேயே இருக்கும் இன்ஜினில், வாய் பெருத்தால் காற்றின் வேகம் குறையும், ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் இழுவையும் குறையும். ஆர்எக்ஸின் உயிரே அந்த முதல் பிக்கப். அதைத்தான் இழப்பீர்கள்.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பெட்டி இல்லாமல் கார்பில் நேரே மாட்டும் கோன் ஃபில்டரின் சத்தம் நன்றாக இருக்கும், கழற்றிக் கழுவ எளிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் காற்றை ஒரே சீராக உறிஞ்சாது. துடித்துத் துடித்து உறிஞ்சும், சில ரேஸில் கொஞ்சம் பெட்ரோல் புகையைத் திருப்பியும் துப்பும். அந்தத் துடிப்பை அமைதிப்படுத்தத்தான் ஏர் பாக்ஸ் என்ற கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜெட்டை மட்டும் பழசாகவே வைத்திருந்தால் கலவை லீன் ஆகும். மழையில் கோன் நனையும். டஸ்ட் அடிக்கும் சாலையில் மலிவான கோன் மணலையும் உள்ளே விடும்; சிலிண்டரில் நீளக் கோடுகள் விழும். பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் அலசி, நிழலில் உலர்த்தி, டூடி ஆயில் (2T, டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) தடவி, பிழிந்து மாட்டுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், கிழிந்துவிடும். கோன்தான் வேண்டும் என்றால் மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு எண் பெரிதாக்கி, முழு ரேஸில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் லீன், ஈரக் கறுப்பு என்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்), பிஸ்கட் நிறம் என்றால் சரி.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். ஆக, அதே ஜெட்டில் காற்று மிஞ்சி வண்டி சற்று லீனாகவே ஓடும். நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நடு ரேஸ் முக்கல் பெரும்பாலும் தணியும். பழைய ரப்பர் ஓரிங், பெட்ரோல் டியூப் இரண்டையும் மாற்றிவிடுங்கள். ஊட்டி போகிறவர்கள் மட்டும் இதற்கு நேர்மாறாக நினைக்க வேண்டும்: 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு, வண்டி ரிச் ஆகும், பிளக் கறுக்கும். அதைக் கண்டு பயந்து ஜெட்டைச் சின்னதாக்கினால், மேட்டுப்பாளையம் இறங்கியதும் திரும்பப் பெரிதாக்க வேண்டும்.

எந்தக் கார்புரேட்டரை மாட்டினாலும், கடைசி வேலை, இன்ஜினுக்கு டூடி ஆயிலை அனுப்பும் ஆயில் பம்பின் கேபிள். த்ராட்டில் கேபிள் இரண்டாகப் பிரிந்து ஒன்று பம்புக்குப் போகிறது. கார்பு மாறினால் அதன் தளர்வும் மாறும். பம்பின் மூடியைத் திறந்து, அங்கே உள்ள குறி நேராக வருகிறதா என்று பார்த்த பிறகே வண்டியை வெளியே எடுங்கள்.